நெல் மணியின் அகலம்: ஒரு தலைப்பு, மூன்று தீர்ப்புகள்

2008-ல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஜப்பானில் சுகுபா நகரத்து ஆய்வாளர்கள் ஷோமுரா, இசாவா, யானோ முதலியோர் எழுதியது. அதன் தலைப்பைத் தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: மணியின் அளவோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் ஏற்பட்ட நீக்கம், நெல் பயிராக மாறிய காலத்தில் விளைச்சலைக் கூட்டியது.

ஒரே வாக்கியம்தான். ஆனா இதுக்குள்ள மூணு தீர்ப்புகள் இருக்கு. ஒன்று, டி.என்.ஏ-வில் குறிப்பிட்ட ஒரு துண்டு இல்லாமல் போனதும் மணியின் அளவு மாறுவதும் தொடர்புடையவை. இரண்டு, அந்த நீக்கம் ஒரு மரபணுவுக்கு உள்ளே நடந்தது. மூன்று, அதனால் விளைச்சல் கூடியது, அதுவும் பழங்கால உழவர்கள் நெல்லைப் பயிராக்கிய காலத்தில்.

இந்தக் கட்டுரையை இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். காட்ட வேண்டியதுதான், முக்கியமான வேலை அது. ஆனால் மேற்கோள் காட்டுபவர்களில் பலரும் மூன்று தீர்ப்புகளையும் ஒரே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என் பார்வையில் முதல் தீர்ப்பு இரும்பு மாதிரி நிற்கிறது. இரண்டாவது 2017-ல் விழுந்தது. மூன்றாவதுக்கு முதலிலிருந்தே போதுமான கால் இல்லை. இதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம். நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து மென்பொருள் வேலை பார்ப்பவன். ஆய்வுக்கூடத்தில் நான் சோதித்து ஏதும் சொல்லப்போவதில்லை. அச்சில் வந்த கட்டுரைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் தெரிகிற விஷயங்கள்தான் இவை.

உமிதான் அச்சு

அரிசியின் வடிவத்தை முடிவு செய்வது அரிசி இல்லை, உமி. பூ விரிந்து மூடிய பிறகு, உமியின் இரண்டு ஓடுகளுக்கு நடுவே இருக்கும் இடத்தில்தான் அரிசி வளர்ந்து நிரம்ப வேண்டும். செங்கல் அச்சு மாதிரி. அச்சு அகலமாக இருந்தால் மோட்டா அரிசி, நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் சன்ன அரிசி. அதனால் மணி வடிவம் என்று தேடப்போன மரபணுக்களில் பெரும்பாலானவை உமியின் செல்கள் எத்தனை முறை பிரிகின்றன, எவ்வளவு நீள்கின்றன என்பதைக் கட்டுப்படுத்துபவையாகவே இருக்கின்றன.

சுகுபா குழு எடுத்துக்கொண்டது இரண்டு ரகங்களை. ஒன்று கசலத், ஒடுங்கிய மணி உள்ள இண்டிகா வகை. மற்றொன்று நிப்பன்பாரே, அகல மணி உள்ள ஜப்பானிய ரகம். இரண்டையும் கலந்து, அடுத்தடுத்த தலைமுறைகளில் எந்தச் செடிக்கு எந்தப் பெற்றோரின் எந்தக் குரோமோசோம் துண்டு வந்தது, அந்தச் செடியின் மணி எவ்வளவு அகலம் என்று ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். மென்பொருள்காரர்களுக்குச் சொல்வதானால் இது கிட் பைசெக்ட். நல்லா ஓடின பதிப்பு ஒன்று, உடைந்த பதிப்பு ஒன்று, நடுவே ஆயிரக்கணக்கான மாற்றங்கள். பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்போம்.

அவர்கள் வந்து நின்ற இடம் ஐந்தாவது குரோமோசோமில் 1,212 எழுத்துகள். கசலத்தில் இருக்கு, நிப்பன்பாரேயில் இல்லை. அந்தத் துண்டு இல்லாத ரகங்களில் உமியின் வெளி ஓட்டில் செல்களின் எண்ணிக்கை கூடுகிறது, மணி அகலமாகிறது. பல நாட்டு ரகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதும் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

இதுதான் முதல் தீர்ப்பு. இதை யாரும் இதுவரை அசைக்கவில்லை. அதே 2008-ல் சீனாவில் வான் ஜியான்மின் குழு, வேறு இரண்டு ரகங்களைக் (அசோமினோரி, ஐ.ஆர். 24) கலந்து, தனியாகத் தேடி, இதே 1,212 எழுத்து நீக்கத்தில் வந்து நின்றது. அவர்கள் வைத்த பெயர் ஜி.டபிள்யூ.5. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாத இரண்டு பேர் ஒரே விடைக்கு வந்தால், அந்த விடையை நம்பலாம்.

இடம் சரி, ஆள் தவறு

சிக்கல் அடுத்த படியில். இடம் கிடைத்துவிட்டது, அங்கே என்ன இருக்கிறது? நீங்கிப்போன துண்டோடு சேர்ந்து ஒரு சிறிய மரபணு இருப்பது போல் தெரிந்தது. சீனக் குழு அதை 144 அமினோ அமிலங்கள் கொண்ட, செல்லின் உட்கருவில் இருக்கும் புதிய புரதம் என்று விவரித்தது. அது பாலியுபிக்விட்டின் என்ற புரதத்தோடு ஒட்டுகிறது என்றும் சொன்னது. யுபிக்விட்டின் என்பது செல்லுக்குள் "இதைக் குப்பையில் போடு" என்று புரதங்களின் மேல் ஒட்டப்படும் சீட்டு. ஆக, இந்த மரபணு இருந்தால் எதையோ குப்பைக்கு அனுப்புகிறது, மணி ஒடுங்குகிறது. மரபணு போய்விட்டால் மணி அகலமாகிறது. கதை முழுசா ஆயிடுச்சு.

2017-ல் இரண்டு கட்டுரைகள் இந்தக் கதையை மாற்றின. ஒன்று நேச்சர் பிளான்ட்ஸ் இதழில், மற்றொன்று மாலிக்யூலர் பிளான்ட் இதழில். இரண்டும் சொன்னது இதுதான்: அந்த 1,212 எழுத்து நீக்கம் மணியை அகலமாக்குவது உண்மை. ஆனால் நீக்கத்தில் அடிபட்டது அந்தச் சிறிய மரபணு அல்ல. சில ஆயிரம் எழுத்துகள் தள்ளி இன்னொரு மரபணு இருக்கிறது. நீங்கிய துண்டு, அந்தப் பக்கத்து மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதி. துண்டு போனதால் பக்கத்து மரபணுவின் குரல் தாழ்ந்துவிட்டது. அது உருவாக்கும் புரதம் உட்கருவில் இருப்பதில்லை, செல் சவ்வோடு ஒட்டி இருக்கிறது. கால்மோடுலின் என்ற கால்சியம் உணரும் புரதத்தோடு இணைகிறது. குப்பைச் சீட்டுக் கதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சோதனையும் நேரடியானது. இந்தப் பக்கத்து மரபணுவைச் செயலிழக்க வைத்தால் மணி அகலமாகவும் கனமாகவும் ஆகிறது. அளவுக்கு மேல் இயங்க வைத்தால் ஒடுங்குகிறது.

நம்ம வேலையில் இது அடிக்கடி நடக்கும். ஒரு கான்ஃபிக் கோப்பில் பத்து வரி காணாமல் போகிறது, பணம் செலுத்தும் பகுதி படுத்துவிடுகிறது. அழிந்த வரிகளுக்குள் ஒரு சின்ன ஃபங்ஷன் இருந்ததால், எல்லாரும் "அந்த ஃபங்ஷன்தான் காரணம்" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிடுவார்கள். உண்மையில் அந்த வரிகளில் இருந்த ஒரு அமைப்பு எண்ணை வேறொரு மாட்யூல் படித்துக்கொண்டிருந்திருக்கும். எந்த மாற்றத்தால் உடைந்தது என்பதை பைசெக்ட் சரியாகச் சொல்லும். ஏன் உடைந்தது என்று சொல்வது அதன் வேலை இல்லை.

ஒன்பது வருஷம் எப்படி நிலைத்தது?

எனக்கு இந்த விவகாரத்தில் சுவாரசியமான கேள்வி இதுதான். ஆய்வாளர்கள் கவனக்குறைவானவர்கள் இல்லை. பின்னே ஏன் இத்தனை காலம்? மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, பழைய கதையில் அது அழகாகப் பொருந்தியது. முந்தின வருஷம், 2007-ல், ஷாங்காய் குழு ஜி.டபிள்யூ.2 என்ற மணி அகல மரபணுவைக் கண்டுபிடித்திருந்தது. அது யுபிக்விட்டின் சீட்டை ஒட்டும் நொதி. அது பழுதானால் மணி அகலமாகிறது. மறு வருஷமே இன்னொரு அகல மரபணு வந்து, அதுவும் யுபிக்விட்டினோடு ஒட்டுகிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? தொகுப்புக் கட்டுரைகள் இரண்டையும் ஒரே படத்தில் அம்புக்குறி போட்டு இணைத்தன. ஒரு தடவை படத்தில் ஏறிவிட்டால், அடுத்த படம் வரைபவர் முந்தின படத்தைப் பார்த்துத்தான் வரைவார். பொருத்தம் வேறு, சான்று வேறு. இங்கே முதலாவது இரண்டாவதின் வேலையைப் பார்த்துவிட்டது.

இரண்டாவது, அடிப்படைப் பிரதியிலேயே துண்டு இல்லை. 2005-ல் வெளியான நெல்லின் முழு மரபணுத் தொகுதி நிப்பன்பாரே ரகத்தினுடையது. எல்லாரும் ஒப்பிடப் பயன்படுத்தும் மூலப் பிரதி அதுதான். அந்த 1,212 எழுத்துகள் அதில் கிடையாது. ஆகவே "இங்கே என்ன இருந்தது" என்ற கேள்விக்கு, கசலத் போன்ற ரகத்தில் அந்தத் துண்டை எடுத்து, உள்ளே ஏதாவது மரபணு மாதிரி தெரிகிறதா என்று பார்ப்பது இயல்பான நடை. காணாமல் போன பொருளுக்குள்ளேயே காரணத்தைத் தேடும் நடை அது. பக்கத்து மரபணுவோ நிப்பன்பாரேயில் ஒரு எழுத்துச் சேதமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. சேதமில்லாத ஆளை யார் சந்தேகப்படுவார்?

மூன்றாவதுதான் முக்கியம்: தப்பால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நெல் இனப்பெருக்கம் செய்பவருக்கு மரபணுவின் பெயர் தேவையில்லை; ஒரு மார்க்கர் போதும். நாற்றங்காலில் இலைத் துணுக்கை எடுத்துச் சோதித்து, 1,212 எழுத்து இருக்கா இல்லையா என்று பார்த்தால், செடி கதிர் விடும் முன்பே மணி அகலமா ஒடுக்கமா என்று பெருமளவு ஊகிக்கலாம். விளக்கம் தப்பாக இருந்த ஒன்பது வருஷமும் மார்க்கர் சரியாகத்தான் வேலை செய்தது. வேலை செய்கிற பொருளை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒன்றைப் பாராட்டியே ஆகணும். 2017-ல் நேச்சர் பிளான்ட்ஸ் கட்டுரையை எழுதியது அதே வான் ஜியான்மின் குழு. தாங்கள் 2008-ல் சொன்னதைத் தாங்களே திருத்தினார்கள். அதே நேரத்தில் பெய்ஜிங்கின் லி யுன்ஹாய் குழு தனியாக அதே முடிவுக்கு வந்தது. மறுபடியும், இரண்டு தனித்தனி வழிகள், ஒரே இடம்.

ஆனால் இங்கேயும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். இரண்டு கட்டுரைகளும் எந்த மரபணு என்பதில் ஒத்துப்போகின்றன. எப்படி என்பதில் அழுத்தம் வேறு. ஒன்று பிராசினோஸ்டீராய்டு என்ற வளர்ச்சி ஹார்மோனின் சங்கிலியில் இந்தப் புரதத்தை வைக்கிறது. அந்தச் சங்கிலி நன்றாக இயங்க உதவுவது இதன் வேலை என்கிறது. நெல்லில் அந்த ஹார்மோன் சங்கிலி பலவீனமானால் மணி சிறிதாவதுதான் வழக்கமாகக் காணப்படுவது. இங்கேயோ உதவும் புரதம் குறையும்போது மணி அகலமாகிறது. இது விளக்கம் கேட்கும் முரண். ஆகவே 2017-ஐயும் "எந்த மரபணு" என்ற அளவில் உறுதியாகவும், "எப்படி" என்ற அளவில் எச்சரிக்கையாகவும் படிப்பது நல்லது.

ஒப்பிட ஜி.எஸ்.3-ஐப் பாருங்க. 2006-ல் சீனாவின் வூஹானில் கண்டுபிடித்த மணி நீள மரபணு. நீள மணி ரகங்களில் ஒரே ஒரு எழுத்து மாறி, புரதம் பாதியிலேயே நின்றுவிடும்படி ஆகியிருக்கிறது. மாற்றம் மரபணுவின் உள்ளேயே, பொருள் கொண்ட எழுத்திலேயே இருக்கிறது. இடத்திலிருந்து மரபணுவுக்குத் தாண்ட வேண்டிய தூரம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால் அந்த அடையாளம் இன்றும் நிற்கிறது. எல்லாக் கண்டுபிடிப்பும் ஒரே மாதிரி உறுதி உடையவை அல்ல. தாண்ட வேண்டிய தூரம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

விளைச்சல் என்ற சொல்

இப்போது மூன்றாவது தீர்ப்பு. கட்டுரையின் சுருக்கத்தைப் படித்தால், பழங்கால மனிதர்கள் விளைச்சலுக்காக இந்தப் பண்பைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்ற தொனி இருக்கிறது. தலைப்புக்கு வரும்போது அந்த "இருக்கலாம்" காணோம். "கூட்டியது" என்று இறந்தகாலத்தில், தீர்ப்பாக நிற்கிறது. சுருக்கத்தை எழுதிய அதே கைதான் தலைப்பையும் எழுதியிருக்கும். ஆனால் தலைப்பை மட்டும் படிப்பவர்கள்தான் அதிகம்.

கட்டுரை வலுவாகக் காட்டியது, உமி அச்சின் கொள்ளளவு கூடியதை. அச்சு பெரிதானால் விளைச்சல் கூடுமா? வயலில் நின்ற எவரும் உடனே கேட்பது: தூர் எத்தனை, கதிருக்கு மணி எத்தனை, பதர் எவ்வளவு? இந்த மூன்றோடு ஆயிரம் மணி எடையும் சேர்ந்ததுதான் விளைச்சல். செடி தயாரிக்கும் மாவுச்சத்துக்கு ஒரு வரம்பு உண்டு. மணி பெரிதானால் எண்ணிக்கை குறையும், அல்லது நிரம்பாமல் போகும். ஜி.டபிள்யூ.2 கட்டுரையிலேயே இது தெரிகிறது. அங்கே மணி எடை ஏறத்தாழ பாதி கூடியது. செடியின் விளைச்சலோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. மீதி எங்கே போச்சு? கதிரில் மணி எண்ணிக்கை குறைந்ததில். அதுவும் ஒரு பின்னணி ரகத்தில் கிடைத்த கணக்கு. சில ஆயிரம் வருஷத்துக்கு முன் வேறு மண்ணில், வேறு ரகத்தில், உரமில்லாமல் நின்ற செடிக்கு இதே கணக்கு பொருந்தும் என்று யார் சொல்ல முடியும்?

இன்னொரு பக்கமும் இருக்கு. அகலமான மணி எல்லாருக்கும் வேண்டியது அல்ல. மணி அகலமாக அகலமாக, நடுவிலோ வயிற்றுப் பக்கத்திலோ சுண்ணாம்பு போல வெளுத்த பகுதி வரும் வாய்ப்பு கூடுகிறது. அந்த இடத்தில் மாவு இறுக்கமாக அடையாமல் இருப்பதால் அரவையில் உடைந்து நொய் ஆகிறது. நம் கொள்முதல் நிலையங்களில் நெல் பொது ரகம், சன்ன ரகம் என்று பிரிவதும் மணியின் நீள அகல விகிதத்தை வைத்துத்தான், 2.5-க்கு மேல் இருந்தால் சன்னம். 2024-25-ல் ஒன்றிய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,300 ரூபாய், சன்ன ரகம் 2,320 ரூபாய். வெளிச் சந்தையில் இடைவெளி இன்னும் பெரிது. சம்பா மசூரியை, அதாவது கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் அரிசியை, மோட்டா ரகத்தைவிட அதிகம் கொடுத்து வாங்குகிறோம். மணியை அகலமாக்குவது முன்னேற்றம் என்பது ஒரு பார்வை. குண்டு மணி ருசிக்கும் ஊரில் அது இயல்பான பார்வைதான். உலகப் பொதுவிதி அல்ல.

"நெல் பயிராக மாறிய காலத்தில்" என்ற பகுதியும் ஆட்டம் காண்கிறது. பெய்ஜிங் குழு 2017-ல் காட்டுநெல்லையும் சோதித்தது. 1,212 எழுத்து நீங்கிய வடிவம் காட்டுநெல்லிலேயே இருந்தது. சில இண்டிகா ரகங்களில் காணப்படும், 950 எழுத்து நீங்கிய இன்னொரு வடிவமும் அங்கே இருந்தது. அதாவது மனிதன் கதிர் அறுக்கத் தொடங்கும் முன்பே இந்த வேறுபாடுகள் காட்டில் இருந்திருக்கலாம்; வெவ்வேறு இடத்து மக்கள் வெவ்வேறு காட்டுச் செடிகளிலிருந்து எடுத்திருக்கலாம். பயிர்நெல்லில் இருந்து காட்டுநெல்லுக்கு மகரந்தம் பாய்வதும் சகஜம் என்பதால் இதையும் இறுதித் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். ஆனால் "ஒரு நீக்கம் நடந்தது, விளைச்சல் கூடியது, மனிதன் பிடித்துக்கொண்டான்" என்ற நேர்கோடு இனி கிடையாது.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

பழைய கட்டுரையில் குறை கண்டுபிடிப்பது சுலபம். பதினைந்து வருஷம் கழித்து யார் வேண்டுமானாலும் செய்யலாம். நான் இதை எழுதக் காரணம் வேறு. மார்க்கரை வைத்துத் தேர்ந்தெடுக்கும் காலத்தில் விளக்கம் தப்பானாலும் நஷ்டமில்லை என்றேன். அந்தக் காலம் மாறிக்கொண்டிருக்கிறது.

2025 மே மாதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஒன்று சம்பா மசூரியில், கதிரின் மணி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் மரபணுவைத் திருத்தியது. மற்றொன்று எம்.டி.யூ. 1010 ரகத்தில், வறட்சி, உப்புத் தாங்குவதோடு தொடர்புடைய மரபணுவைத் திருத்தியது. இது மார்க்கர் வேலை இல்லை, கத்தரி வேலை. கத்தரிக்கு வட்டாரம் போதாது, சரியான மரபணு தெரிய வேண்டும்.

நம்ம 1,212 எழுத்துக்கே வருவோம். 2008-ன் படத்தை நம்பி ஒருவர் கத்தரியை எடுத்தால், அந்தச் சிறிய மரபணுவின் எழுத்துகளை உடைக்கப் போவார். 2017-ன் படத்தை வைத்திருப்பவர் பக்கத்து மரபணுவின் ஒலி அளவுக் குமிழைத் தேடுவார். அதை முழுக்க அணைக்கலாம், கொஞ்சம் தாழ்த்தலாம், ஏற்றலாம். முன்னவருக்கு வருஷங்கள் வீண். பின்னவருக்குத்தான், விளைச்சலையும் சன்னத்தையும் ஒரே ரகத்தில் சமன்செய்யப் பார்க்கும் வாய்ப்பு.

ஆகவே அடுத்த தடவை "மணி அளவை நிர்ணயிக்கும் மரபணு கண்டுபிடிப்பு, விளைச்சல் கூடும்" என்று செய்தி பார்த்தால், மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்க. இடம் உறுதியா, வேறு யாராவது தனியாக அதே இடத்துக்கு வந்தார்களா? அந்த இடத்திலிருந்து இந்த மரபணுவுக்கு எதை வைத்துத் தாண்டினார்கள், அதை மட்டும் கெடுத்தும் கூட்டியும் பார்த்தார்களா? விளைச்சல் என்றால் மணியின் எடையா, செடியின் எடையா, பல ஊர்களில் பல பட்டங்களில் அறுத்த வயலின் எடையா?

சுகுபா கட்டுரை முதல் கேள்விக்கு இன்றும் முழு மதிப்பெண் வாங்கும். அதற்காகவே அதை மேற்கோள் காட்டலாம். மற்ற இரண்டுக்கும் 2017-ன் கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.